மழைமானி வாங்குபவர்கள் பத்து லிட்டர் பாட்டிலாகக் கேட்டு வாங்குங்கள்: முடிச்சூர் மொட்டை மாடியில் 2021 நவம்பர்

தென்சென்னைப் புறநகரில் ஏரிகளுக்கு நடுவே வீடு கட்டிக் குடியிருக்கிறவர்கள் ஒரு மழைமானி வாங்கி மாடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் வைத்திருப்பது வானிலை ஆய்வு நிலையங்களில் இருக்கும் அதே வகை. கண்ணாடியிழையில் செய்த உருளை, மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், தனியாக ஓர் அளவுக் குடுவை, அவ்வளவுதான். பேட்டரி, வைஃபை எதுவும் கிடையாது. 2021 நவம்பர் மாதம் முழுக்க அதை நம்பித்தான் எங்கள் தெரு நடந்தது. குறைகளும் உண்டு, வரிசையாகச் சொல்கிறேன். ஆனால் மறுபடி வாங்குவதாக இருந்தால் இதையேதான் வாங்குவேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் பாடம் எடுத்தவள். மழைமானியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தைக் கொடுத்தது 2015. அந்த வருஷம் நவம்பர் முழுக்கக் கொட்டிவிட்டு, டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதை இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படகில் ஏறிப் போனவர்கள் நாங்கள். அன்று சாயங்காலம் வரை ஆளுக்கொரு செய்திதான் காதில் விழுந்தது. எங்கள் தெருவுக்கு மேலே எவ்வளவு பெய்தது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல ஒரு எண்கூட யாரிடமும் இல்லை. தொலைக்காட்சியில் வந்த எண் நுங்கம்பாக்கத்துடையது. நுங்கம்பாக்கம் இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மீனம்பாக்கம் கொஞ்சம் பக்கம், ஆனாலும் அது எங்கள் மழை இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஒரு மேகக் கூட்டம் பல்லாவரத்தில் கொட்டிவிட்டுப் பெருங்களத்தூருக்குத் தூறல் மட்டும் போடும். மறுநாள் அது அப்படியே திரும்பும்.

சரி, பொருளுக்கு வருவோம். சென்னையில் ஆய்வுக்கூடக் கருவிகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்திடம் வாங்கினேன். பெயர் வேண்டாம், ஒரு மனக்குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். நான் வாங்கியபோது ஜி.எஸ்.டி. சேர்த்து 5,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. புனலின் வாய்ப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர், விட்டத்தில் சொன்னால் 16 சென்டிமீட்டரை ஒட்டி வரும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பரப்புத்தான். 200 சதுர சென்டிமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் பாட்டிலில் சேர்வது சரியாக 20 மில்லிலிட்டர். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் அளவுக் குடுவையே இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம்.

விளிம்பு பித்தளை வளையம். கூராகச் சீவியிருக்கிறார்கள். விளிம்பில் விழும் துளி உள்ளேயோ வெளியேயோ சுத்தமாகப் பிரிய வேண்டும், தட்டையான விளிம்பாக இருந்தால் தெறித்துக் கணக்குக் கெடும். மலிவான பிளாஸ்டிக் மானிகளில் இந்தக் கவனத்தைப் பார்க்க முடியாது. புனலும் ஆழமாக இருக்கிறது. நம்மூர் மழை விழுகிற வேகத்துக்கு ஆழம் குறைந்த புனலிலிருந்து பாதி தண்ணீர் எம்பி வெளியே போய்விடும். புனலும் அடிப்பாகமும் ஒன்றோடொன்று மாட்டிப் பூட்டிக்கொள்கின்றன. ஒரு மழைக்காலம் முழுக்க வெயிலும் காற்றும் பட்டும் கண்ணாடியிழை வெளிறவில்லை, வெடிக்கவில்லை.

எங்கே வைப்பது என்பது பெரிய விஷயம். முறைப்படி இது தரையில், விளிம்பு 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி, திறந்த வெளியில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். அரை கிரவுண்டில் வீடு, பக்கத்தில் இரண்டு மாடி, பின்னால் ஒரு முருங்கை என்றிருக்கும் இடத்தில் இதற்கு வழியே இல்லை. அதனால் மொட்டை மாடியின் நடுவில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, செங்கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு சின்ன மேடை கட்டி அதில் பதித்தோம். மாடியில் காற்று அதிகம், காற்று அடித்தால் மழை புனலுக்கு மேலேயே சாய்ந்து போய்விடும், மானி கொஞ்சம் குறைத்தே காட்டும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கைப்பிடிச் சுவர் இருப்பதால் எங்கள் மாடியில் காற்று ஓரளவு அடங்குகிறது. தரையில் வைத்திருந்தால் அந்த மாதக் கடைசியில் மானியே வெள்ளத்துக்குள் போயிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2021இல் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 25ஆம் தேதி தொடங்கியது. தென்மேற்குப் பருவமழை முழுசாக விலகியதாக அறிவித்ததும் அதே நாள்தான். நவம்பர் 1ஆம் தேதி, கொரோனாவுக்குப் பிறகு முதல்முறையாக ஒன்று முதல் எட்டு வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். ஒன்றரை வருஷம் வீட்டில் கிடந்த பிள்ளைகள். எனக்கு அதில் இருந்த சந்தோஷம் வேறு யாருக்கும் இருந்திருக்குமா தெரியாது. 4ஆம் தேதி தீபாவளி. தீபாவளி முடிந்த கையோடு மழை விடுமுறை ஆரம்பித்துவிட்டது.

6ஆம் தேதி சனிக்கிழமை இரவு பெய்ததை நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் என்று அளந்தார்கள். 24 மணி நேரத்தில் 204.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அது வானிலைத் துறைக் கணக்கில் அதீத கனமழை. 2015க்குப் பிறகு அதுவரை நகரம் அப்படி ஒரு இரவைப் பார்த்திருக்கவில்லை. தி.நகர், மாம்பலம் பக்கம் தண்ணீர் வடியவே நாள்கள் ஆயின. 7ஆம் தேதி காலை எங்கள் மானியில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. தொலைக்காட்சி பார்த்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். மானியைக் காட்டி, ‘நம்ம பக்கம் இன்னும் மண்ணு குடிக்குது, இப்போதைக்குப் பயப்பட வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தது. இந்தப் பணத்துக்கு அன்றே மதிப்பு வந்துவிட்டது.

அதற்கு நேர்மாறாக நடந்தது அடுத்த வாரம். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 11ஆம் தேதி சாயங்காலம் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய இரவு கொட்டியது எங்கள் தலையில். 11ஆம் தேதி காலை 8.30 வரை பக்கத்துத் தாம்பரத்தில் 23 சென்டிமீட்டர் என்று அறிவித்தார்கள்.

பாட்டில் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். இந்த மாதிரிக்கு நான்கு லிட்டர் பாட்டிலும் வருகிறது, பத்து லிட்டர் பாட்டிலும் வருகிறது. கேட்காவிட்டால் நான்கு லிட்டரைத்தான் போட்டு அனுப்புகிறார்கள், எனக்கும் அதுதான் வந்தது. நான்கு லிட்டர் என்றால் 200 மில்லிமீட்டர். வருஷத்தில் பெரும்பாலான நாள்களுக்கு அது தாராளம். ஆனால் மழைமானி எதற்கு வாங்குகிறோமோ, அந்த ஓர் இரவுக்கு அது போதாது. அன்று காலை குடையைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ப் புனலைக் கழற்றியபோது பாட்டில் வாய்வரை நிறைந்து வழிந்திருந்தது. வழிந்த தண்ணீர் அடிப்பாகத்துக்குள் தேங்கி நின்றது. அடிப்பாகத்தில் ஓட்டை, கசிவு எதுவும் இல்லாததால் அதையும் மொண்டு அளந்து சேர்க்க முடிந்தது. செய்தவர்களின் வேலைத் திறமையை இதில்தான் நான் மெச்சுகிறேன். பாட்டில் போதாவிட்டாலும் ஒரு சொட்டு தொலையவில்லை. ஆனாலும், கடலோர மாவட்டங்களுக்கு விற்கும் மானியில் பத்து லிட்டர் பாட்டிலைத்தான் அவர்கள் வழக்கமாக வைக்க வேண்டும். பத்து லிட்டர் இருந்தால் 500 மில்லிமீட்டர் வரை கவலையில்லை.

அளவுக் குடுவை 20 மில்லிமீட்டர் வரைதான் காட்டும். 23 சென்டிமீட்டரை அளக்க ஒரு டஜன் தடவை நிரப்பிக் கொட்ட வேண்டும், அதுவும் கொட்டும் மழையில், ஒவ்வொரு தடவையும் நோட்டில் குறித்துக்கொண்டு. அதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்து சமையலறை எடைத் தராசில் வையுங்கள். காலிப் பாட்டிலின் எடையைக் கழித்தால் வருவது தண்ணீர். 20 கிராமுக்கு ஒரு மில்லிமீட்டர், ஒரு கிலோவுக்கு 50 மில்லிமீட்டர். பெரிய மழைக்கு இது போதும். தூறல் நாள்களுக்குக் குடுவைதான் துல்லியம்.

குடுவையில்தான் என் மனக்குறையும். கோடுகளை மேற்பூச்சாக அச்சடித்திருக்கிறார்கள், கண்ணாடியில் பொறிக்கவில்லை. ஈரக் கையோடு தினமும் எடுத்து எடுத்து, மாத நடுவிலேயே 8க்கும் 12க்கும் இடையில் கோடுகள் மங்கிவிட்டன. மாற்றுக் குடுவை கேட்டு போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ‘அனுப்புறோம் மேடம்’ என்றார். வந்து சேர்ந்தபோது பொங்கல் நெருங்கிவிட்டது. மழைக்காலத்துக்காகவே ஒரு பொருளை விற்பவர்கள் மழைக்காலத்தில் உதிரிப் பாகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டாமா? இதை அவர்களிடமும் நேராகவே சொன்னேன்.

இன்னொரு தொந்தரவு புனலின் கழுத்து. முருங்கை இலை நுணுக்கமானது, நனைந்தால் சல்லடையில் அப்பிக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் புனலில் தண்ணீர் குளமாக நின்று காற்றில் தளும்பிப் போய்விடும். மழைக்கு நடுவே ஒரு முறையாவது போய்ப் பார்ப்பது நல்லது. அளந்த தண்ணீரை அங்கேயே விட்டு வைக்கவும் கூடாது. டெங்கு காலம், கொசுவுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதும்.

வேறு வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். எதிர்வீட்டு அண்ணனின் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு தானியங்கி மானி அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு சின்னத் தராசுக் கரண்டி இருக்கும், குறிப்பிட்ட அளவு தண்ணீர் நிறைந்ததும் கவிழ்ந்து ஒரு எண்ணிக்கை போடும். அழகான பொருள், உட்கார்ந்த இடத்திலேயே போனில் பார்க்கலாம், எந்த மணி நேரத்தில் எவ்வளவு என்றும் சொல்லும். என் மானியால் அது முடியாது. ஆனால் மழை வெளுத்து வாங்கும்போது கரண்டி ஒரு பக்கம் கவிழ்ந்து நிமிர்வதற்குள் தண்ணீர் தப்பிப் போகிறது, அதனால் பெரிய மழையைக் குறைத்தே காட்டுகிறது. அப்புறம், மின்சாரம் போனால் வைஃபை போகும், வைஃபை போனால் எண்ணும் வராது. நவம்பரில் எங்கள் பகுதியில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நேரமும் மழை உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றுதான். போனில் வரும் வானிலைச் செயலிகளில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு ஒரு மழை அளவு காட்டுகிறார்களே, பெரும்பாலும் அது கணினிக் கணிப்பு. உங்கள் ஊரில் யாரும் அளந்த எண் இல்லை. வரப்போவதைத் தெரிந்துகொள்ள வானிலை மையத்தில் பாலச்சந்திரன் சொன்னதையும், வெதர்மேன் பிரதீப் ஜான் எழுதியதையும் நாங்கள் விடாமல் பார்த்தோம். வந்து விழுந்தது எவ்வளவு என்பதை அறியத்தான் மாடி ஏறினோம்.

18ஆம் தேதி நிலைமை அதை நன்றாகக் காட்டியது. அடுத்த தாழ்வு மண்டலம் வருகிறது, சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை. தெருவே தூங்கவில்லை. தாழ்வு மண்டலம் 19ஆம் தேதி அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவில் கரையேறி மேற்கே போனது. எங்கள் மானியில் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் அந்த மழை உள்ளே போய் விழுந்த இடங்களில் அவ்வளவு கொடுமை. பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களில் குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். மணல் மட்டுமே பார்த்துப் பழகிய பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் வந்தது. தென்பெண்ணையும் பெருகியது. மலைக்கு அந்தப் பக்கம் திருப்பதி மூழ்கியது, கடப்பை மாவட்டத்தில் செய்யேறு ஆற்றில் அன்னமய்யா அணை உடைந்து கரையோர ஊர்களை அடித்துக்கொண்டு போனது. ‘மழை ஏமாத்திடுச்சு’ என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. நம் மாடியில் விழாதது வேறு யார் கூரையிலோ விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் தூத்துக்குடி, திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கமும் அப்படித்தான் கொட்டியது. தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதையும், டெல்டாவில் சம்பா நாற்று தண்ணீருக்குள் கிடந்ததையும் அந்த மாதம் எல்லாரும் பார்த்தோம்.

மழைமானி எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது, அன்றைய எண்ணைவிட மாதக் கூட்டுத்தொகைதான் பெரிது என்பது. நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்றில் அன்றைய அளவு, மற்றதில் 1ஆம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டே வந்த தொகை. 11ஆம் தேதி அவ்வளவு பெய்தும் எங்கள் தெருவில் முழங்கால் அளவோடு நின்று இரண்டு நாளில் வடிந்தது. 26, 27 தேதிகளில் மீண்டும் மழை வந்தபோது மானியில் விழுந்தது அதைவிடக் குறைவு. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது அப்போதுதான். காரணம் எளிது. மண் அதற்குள் குடித்து முடித்துவிட்டது. ஆதனூர், மண்ணிவாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை ஏரிகளெல்லாம் நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்தன. அதன்பிறகு விழும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் நிற்க இடமில்லாமல் நேராக அடையாற்றுக்கும், ஆறு கொள்ளாதபோது தெருவுக்கும் வரும். மாதத் தொடக்கத்தில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் சாக்கடை ஓரம் தண்ணீர் நிற்கும். கூட்டுத்தொகை மேலே போன பிறகு அதே 10 சென்டிமீட்டருக்குப் படகு வேண்டும்.

இந்த இடத்தில் செம்பரம்பாக்கம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் ஊரில் அந்த ஏரியின் பெயர்தான் கிலி கிளப்புகிறது. 7ஆம் தேதி வினாடிக்கு 500 கன அடி திறந்தார்கள் என்றதும் இங்கே பலர் போனை எடுத்துவிட்டார்கள். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட பெரிய ஏரிதான், 24 அடிக்குத் தண்ணீர் நிற்கும். ஆனால் அதன் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கிறது. எங்களை முதலில் மூழ்கடிப்பது எங்களுக்கு மேற்கேயும் தெற்கேயும் இருக்கும் சின்ன ஏரிகளின் தண்ணீர், அதாவது இந்தப் பகுதியிலேயே பெய்த மழை. மதகு திறந்த செய்தியைவிட எங்கள் மாடியில் இருக்கும் பாட்டில்தான் எங்களுக்கு நெருக்கமான தகவல். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம்காரர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் செம்பரம்பாக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

25ஆம் தேதி வாக்கிலேயே கூட்டுத்தொகையைத் தெருக் குழுவில் போட்டு, ‘இனிமே ஒரு ராத்திரி பெரிய மழை வந்தாலும் தாங்காது, கீழ்வீட்டுல இருக்கறவங்க சாமானை மேல ஏத்துங்க’ என்று எழுதினேன். பக்கத்து வீட்டு அக்கா ஃபிரிட்ஜை மேசைமேல் ஏற்றினார். கடைசி வீட்டில் படுக்கையில் இருந்த பெரியவரை அவருடைய மகள் குரோம்பேட்டைக்குக் கூட்டிப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் சம்ப் மோட்டாரைக் கழற்றி மாடிப்படி வளைவில் கட்டி வைத்தார், இன்வெர்ட்டரை ஸ்டூல் மேல் நகர்த்தினோம். 27ஆம் தேதி வாக்கில் வரதராஜபுரத்திலும் எங்கள் பக்கத்திலும் மீண்டும் படகுகள் வந்தன. இழப்பு இருந்தது, ஆனால் 2015 மாதிரி இல்லை. அந்த மாதத்தில் காலை எட்டரை ஆனால் கீழேயிருந்து, ‘டீச்சர், இன்னைக்கு எவ்வளவு?’ என்று பிள்ளைகள் குரல் வரும். பள்ளி இல்லாத அந்தப் பிள்ளைகளில் நான்கைந்து பேர் தசமப் புள்ளிக் கூட்டலை என் மாடியில்தான் படித்தார்கள்.

மாத முடிவில் நுங்கம்பாக்கம் 100 சென்டிமீட்டரைத் தாண்டியது. சாதாரணமாக நவம்பரில் அங்கே பெய்வது 40 சென்டிமீட்டரை ஒட்டித்தான். இருநூறு வருஷப் பதிவில் ஒரே மாதத்தில் 100 சென்டிமீட்டரைக் கடந்தது 1918 நவம்பர், 2005 அக்டோபர், 2015 நவம்பர், அப்புறம் இந்த 2021 நவம்பர். நான்கில் மூன்று 2005இலிருந்து வந்தவை. தமிழ்நாடு முழுவதற்கும் அந்தப் பருவமழை 71 சென்டிமீட்டர் வந்தது, வழக்கமாக வருவது 45. இந்த எண்களைப் பார்த்தால் 200 மில்லிமீட்டர் பாட்டில் ஏன் போதாது என்று நான் சொல்வது புரியும்.

வெள்ளத்துக்கு மட்டும்தானா இந்த மானி என்றால், இல்லை. அந்த நவம்பருக்கு இரண்டே வருஷம் முன்னால், 2019 கோடையில், செம்பரம்பாக்கம் வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் லாரிக்கு முன்பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். 100 சென்டிமீட்டர் மழைக்கு அந்த ஒரு மாடியில் விழுவது 93,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரிக்கு மேல் வரும். மழைநீர்ச் சேகரிப்பை 2003இலேயே கட்டாயமாக்கினார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் குழாய் இருக்கிறது, பாதி வீட்டில் குழி தூர்ந்துபோய் இருந்தது. மானியின் எண்ணை லிட்டராக்கிக் குழுவில் போட ஆரம்பித்த பிறகு மூன்று வீடுகளில் குழியைத் தோண்டிக் கூழாங்கல் மாற்றினார்கள். அறிவுரை சொல்லி நடக்காதது, உங்கள் மாடியிலிருந்து இன்று இத்தனை லிட்டர் தெருவுக்குப் போனது என்று சொன்னதும் நடந்தது.

யாருக்கு இது ஒத்துவராது என்றும் சொல்ல வேண்டும். தினமும் காலை ஒரே நேரத்தில் மாடி ஏற முடியாதவர்களுக்கு வேண்டாம். ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் எண்ணுக்கு அர்த்தம் குறைந்துவிடும். அடுக்குமாடியில் மொட்டை மாடிச் சாவி கையில் இல்லாதவர்களும் யோசித்து வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மழையில் வழுக்கும் மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள், என் வீட்டில் கைப்பிடி போட்ட பிறகுதான் நான் தனியாக ஏறுகிறேன். ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். நான்கைந்து வீடு சேர்ந்து வாங்கி, மாடி வசதியாக இருக்கும் வீட்டில் வைத்து, முறை வைத்து அளக்கலாம்.

வாங்கத் தீர்மானித்தவர்கள் ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள், செப்டம்பருக்குப் பிறகு கேட்டால் தாமதமாகிறது. புனல் வாய் 200 சதுர சென்டிமீட்டரா என்று எழுத்தில் கேளுங்கள். பத்து லிட்டர் பாட்டில் வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்கேற்ற உயரமான அடிப்பாகமும் சேர்ந்து வர வேண்டும். இல்லாவிட்டால் பாட்டில் உள்ளே நிற்காது. இரண்டு அளவுக் குடுவை வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள். கோடுகள் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டிவிட்டால் அச்சு அழியாது, இரண்டாவது குடுவையில் அப்படித்தான் செய்திருக்கிறேன், இன்றுவரை தெளிவாக இருக்கிறது. சல்லடை தளர்ந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கொசுவலைக் கம்பியை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், அதற்காகக் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டியதில்லை.